‘பேசித் தீர்த்துக்கலாம்’னு சொல்லிச் சொல்லியே மூணு வருஷம் போச்சு!

“பாப்பா, அம்பது நாள் லேட்டாம்.”

2025 ஆகஸ்ட் 5-ம் தேதி சாயங்காலம், திண்டுக்கல் கோர்ட் வாசலில் நின்றுகொண்டு சித்தப்பா போனில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். “என்ன லேட்டு சித்தப்பா?” என்று கேட்டேன். “கேஸ் போட அம்பது நாள் லேட்டாம். இனி போட்டாலும் நிக்காதாம். வக்கீல் சார் சொல்லிட்டாரு” என்றார். 14 லட்ச ரூபாய் விஷயம். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

இந்தப் பகுதியில் வழக்கமாக வாசகர்கள் அனுப்பும் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்வேன். இந்த வாரக் கேள்வி என் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எம் பேரு வேணாம், கடை பேரு வேணாம். மத்ததெல்லாம் எழுது. நாலு பேருக்கு உபயோகமாகட்டும்” என்றார்.

ரன்னிங்ல இருக்குற கடை

சித்தப்பா 25 வருடம் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது டிவியில் காட்டினார்கள். ஆனால், பட்டறையில் வேலை அதற்கு முன்பே குறைந்துபோயிருந்தது. ‘இனி சொந்தமா ஏதாவது பண்ணணும்’ என்று இருந்தவருக்கு, கரூர் ரோட்டில் ஒரு டீக்கடையும் பேக்கரியும் சேர்ந்த கடை விலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. வேடசந்தூர் பக்கம் நூல் மில்கள் நிறைய. ஷிப்டு விட்டால் கடையில் கூட்டம் நிற்கும். விற்றவர் தூரத்துப் பழக்கம். ஒரே கோயில் வரிக்காரர்.

அவர் ஒரு நோட்டைக் காட்டினார். தினமும் 18,000 ரூபாய் வியாபாரம் என்று தேதி போட்டு எழுதியிருந்தது. “இதுல பாதி பக்கத்து மில் கேன்டீனுக்குப் போற பன்னும் டீயும்தான். நீங்க கடையைத் திறந்து வச்சா போதும், ஆர்டர் தானா ஓடும்” என்றார். சித்தி நகையை வைத்தும், ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்றும் 14 லட்சம் திரட்டினார் சித்தப்பா. ஓவன், ஷோகேஸ், பிரிட்ஜ், கட்டட அட்வான்ஸ், மீதி குட்வில். 2022 ஏப்ரல் மாதம் ஒப்பந்தம் எழுதிக் கடை கைமாறியது.

முதல் நாளிலிருந்தே கல்லாவில் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. “வெயில் காலம், டீ ஓடாது” என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். மில்லிலிருந்து ஆர்டர் வரவில்லை. விற்றவரைக் கேட்டால், “கேன்டீன்ல ஆள் மாறியிருக்காங்க, நான் பேசுறேன்” என்று பதில். ஜூன் 14-ம் தேதி, டீ குடிக்க வந்த கேன்டீன் ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்த ஆர்டரா? பிப்ரவரியிலேயே நிறுத்தியாச்சேண்ணே. கேன்டீன்லயே இப்ப பன் போடுறோம்.”

அதாவது, கடை கைமாறுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் நின்றுவிட்டது. ஆனால், நோட்டில் மார்ச் மாதம் முழுவதும் 18,000 என்றே எழுதியிருந்தது.

அன்று ராத்திரியே சித்தப்பா விற்றவருக்கு வாட்ஸ்ஆப்பில் கேட்டார்: “மில் ஆர்டர் பிப்ரவரியிலேயே நின்னுபோச்சாமே, ஏன் சொல்லல?” இரண்டு நீல டிக். பதில் இல்லை.

மூன்று வருடம் எங்கே போனது?

அடுத்த வாரம் நேரில் பேசினார். “தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்.” தீபாவளி முடிந்தது. “பொங்கல் கழியட்டும்.” 2023-ல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா சமயத்தில், பெரியவர்கள் நான்கு பேர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. “சரி, நாலு லட்சம் திருப்பித் தர்றேன்” என்று விற்றவர் ஒப்புக்கொண்டார். எல்லோரும் காபி குடித்துவிட்டு எழுந்தார்கள். யாரும் ஒரு தாளில் எழுதவில்லை. அப்புறம் அவர் வீட்டில் கல்யாணம். அப்புறம் அவருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் போனை எடுக்கவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. 2023-ல் “வக்கீலைப் பார்க்கட்டுமா பாப்பா?” என்று சித்தப்பா கேட்டபோது, “கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும், பேசியே முடிங்க” என்று சொன்னவள் நான். பத்திரிகையில் வேலை பார்க்கிற பிள்ளை சொன்னதால் அவர் அதை நம்பினார். வழக்கு தொடுக்க ஒரு கடைசித் தேதி உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சித்தப்பாவோடு அந்த வழக்கறிஞரைப் பார்த்தேன். நான் கேட்டதையும் அவர் சொன்னதையும், பிறகு சட்டப் புத்தகத்தில் சரிபார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பொய் சொல்லி ஒருவரை ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைத்தால், ஏமாந்தவர் விரும்பினால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 17, 18, 19-வது பிரிவுகள் இதைச் சொல்கின்றன. தெரிந்தே பொய் சொன்னால் அது மோசடி. பொய் என்று தெரியாமலே தவறான தகவலைத் தந்தால் தவறான எடுத்துரைப்பு. ரத்து செய்ய விருப்பமில்லை என்றால் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே, ‘நீ சொன்னது உண்மையாக இருந்தால் நான் எந்த நிலையில் இருந்திருப்பேனோ அந்த நிலையில் என்னை வை’ என்றும் கேட்கலாம். மோசடி என்றால் நஷ்டஈடும் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் எதுவும் சொல்லாமல் கடையைத் தொடர்ந்து நடத்தினால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதாடும். ஒப்பந்தத்தை ஏற்று நடந்தவருக்கு ரத்து கேட்கும் வாய்ப்பு போய்விடலாம் என்று ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. ஆகவே, கடையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோமா, வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கப் போகிறோமா என்பதைச் சீக்கிரமே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது கெடு. காலவரையறைச் சட்டம், 1963-ன்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு 3 வருடம். நஷ்டஈட்டு வழக்குக்கும் பெரும்பாலும் 3 வருடம்தான். இந்த 3 வருடம் எந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறது என்பதில்தான் பல வழக்குகளின் தலையெழுத்தே இருக்கிறது.

ரத்து வழக்கு என்றால், ரத்து கேட்கும் உரிமையைத் தருகிற உண்மைகள் உங்களுக்கு முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்து. மோசடி என்றால் 17-வது பிரிவு: மோசடி உங்களுக்குத் தெரிந்த நாள், அல்லது நியாயமான அக்கறை எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள். இந்த இரண்டாவது பாதி முக்கியம். ‘எனக்குத் தெரியாது’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் விசாரிக்கவில்லை?’ என்று நீதிமன்றம் கேட்கும்.

சித்தப்பா விஷயத்தில் தெரிந்த நாள் 2022 ஜூன் 14. அதற்கு வாட்ஸ்ஆப் செய்தியே சாட்சி. மூன்று வருடம் 2025 ஜூன் 14-ல் முடிந்தது. அன்று சனிக்கிழமை. கெடு முடியும் நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று 4-வது பிரிவு சொல்கிறது. அப்படிப் பார்த்தாலும் ஜூன் 16 திங்கள்கிழமைதான் கடைசி. சித்தப்பா வக்கீலிடம் போனது ஆகஸ்ட் 5. எண்ணிப் பார்த்தேன். சரியாக ஐம்பது நாள்.

“கொஞ்சம் பின்னாடிதான் தெரியும்னு சொல்லிடலாமா சார்?” என்று சித்தப்பா தயங்கிக் கேட்டிருக்கிறார். வழக்கறிஞர், “நீங்க அனுப்பின மெசேஜ் அவர் போன்லயும் இருக்குமே, அண்ணே. அதுவும் இல்லாம, ஏமாத்துனாருன்னு கேஸ் போடப்போற நாம பொய் சொல்லலாமா?” என்றாராம். சித்தப்பா அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

9,500 கோடி ரூபாய்க்கும் இதே கேள்விதான்

இது சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டும் வரும் பிரச்னை இல்லை. இந்தியாவின் பெரிய நிறுவனக் கைமாற்றங்களில் ஒன்றில் இதே கேள்விதான் எழுந்தது.

ஜப்பானின் டைச்சி சான்க்யோ நிறுவனம் 2008-ல் ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தை வாங்கியது. மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்களின் குடும்பப் பங்குக்கு மட்டும் கொடுத்த விலை 9,500 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில், ரான்பாக்ஸியின் இரண்டு தொழிற்சாலைகளில் தயாரான 30 மருந்துகளை அமெரிக்க உணவு, மருந்துத் துறை தன் நாட்டுக்குள் விடாமல் தடுத்தது. மருந்துப் பரிசோதனைத் தகவல்களில் பெரிய அளவில் தில்லுமுல்லு நடந்திருப்பதாக 2004-லேயே நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை தயாராகியிருந்தது. விற்பனைப் பேச்சின்போது அந்த அறிக்கையைப் பற்றி வாங்குபவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் டைச்சியின் குற்றச்சாட்டு.

2012 நவம்பரில் டைச்சி நடுவர் மன்றத்துக்குப் போனது. சிங் தரப்பு வைத்த முக்கியமான வாதங்களில் ஒன்று கெடு: ‘2008-லேயே அமெரிக்கத் தடை வந்துவிட்டது. அப்போதே உங்களுக்கு விஷயம் தெரியும். மூன்று வருடம் தாண்டி வந்திருக்கிறீர்கள்.’ நடுவர்களில் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. நிறுவனத்தில் ஏதோ பிரச்னை இருக்கிறது என்று தெரிவது வேறு, அதை நம்மிடம் திட்டமிட்டு மறைத்தார்கள் என்று தெரிவது வேறு. மறைத்தது டைச்சிக்குத் தெரியவந்தது 2009 நவம்பரில்தான், ஆகவே வழக்கு கெடுவுக்குள் வந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். 2016 ஏப்ரலில் சுமார் 2,562 கோடி ரூபாயும் அதற்கு மேல் வட்டியும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2018 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறைவேற்ற அனுமதித்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

ஜெயித்ததும் பணம் வந்துவிடவில்லை. பணத்தை வசூலிக்கும் போராட்டம் நீண்டு, நீதிமன்ற அவமதிப்புக்காக 2022 செப்டம்பரில் சகோதரர்கள் இருவருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது உச்ச நீதிமன்றம். ஆனால், கெடுவைத் தவறவிட்டிருந்தால் இந்தப் போராட்டத்துக்குள் நுழையவே முடிந்திருக்காது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு ‘நமக்கும் பின்னால்தானே தெரிந்தது’ என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சித்தப்பாவின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். “மில் வாசலில் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்குமே” என்று எதிர்த்தரப்பு வாதாடியிருக்கும். அந்த வாதம் ஜெயித்தால் கெடு இன்னும் இரண்டு மாதம் முன்னால் போயிருக்கும். வழக்கறிஞர் சொன்ன வழி எளிமையானது: ஒப்பந்தம் எழுதிய தேதியிலிருந்தே 3 வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் தாக்கல் செய்துவிட்டால், ‘எப்போது தெரிந்தது’ என்ற சண்டையே வராது.

எது கெடுவை நிறுத்தும், எது நிறுத்தாது?

எனக்கே அதிர்ச்சியாக இருந்த பகுதி இது. காலவரையறைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, கெடு ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், அப்புறம் உங்களுக்கு வருகிற இயலாமை எதுவும் அதை நிறுத்தாது. நோய் வந்தாலும், கையில் காசு இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நடக்கும் பேச்சுவார்த்தை கெடுவை நிறுத்தாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது நிறுத்தாது. போலீஸில் புகார் கொடுப்பது நிறுத்தாது. ‘தர்றேன்’ என்ற வாய் வார்த்தை நிறுத்தவே நிறுத்தாது.

‘தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாமே’ என்று பலர் கேட்பார்கள். நானும் கேட்டேன். அந்த வசதி 5-வது பிரிவில் இருக்கிறது. ஆனால், அது மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும்தான். புதிதாகப் போடும் உரிமையியல் வழக்குக்குக் கிடையாது. எதிர்த்தரப்பு கெடு பற்றி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3-வது பிரிவு சொல்கிறது.

எதிர்த்தரப்பு தன் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிய கெடு தொடங்கும். இது 18-வது பிரிவு. ஆனால், பழைய கெடு முடிவதற்கு முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். மாசித் திருவிழா சமயத்தில் ‘நாலு லட்சம் தர்றேன்’ என்று சொன்னாரே, அதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கியிருந்தால் சித்தப்பாவுக்கு 2026 வரை நேரம் இருந்திருக்கும். அன்று அந்த வீட்டில் பேனாவும் இருந்தது, தாளும் இருந்தது. ‘பெரியவங்க முன்னாடி பேசியாச்சு, எழுதி வாங்கினா மரியாதையா இருக்காது’ என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

தெரியாமல் தவறான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால், அங்கே நல்லெண்ணத்துடனும் அக்கறையுடனும் செலவழித்த காலத்தைக் கழித்துக்கொள்ள 14-வது பிரிவு இடம் தருகிறது. வழக்கின் தன்மையைப் பொறுத்து, 3 லட்சத்துக்கு மேற்பட்ட வர்த்தகத் தகராறு என்று வகைப்படுத்தப்பட்டால், அவசர நிவாரணம் கேட்காதபட்சத்தில் முதலில் சமரசத்துக்கு விண்ணப்பிப்பது கட்டாயம். சட்டப்படி நடக்கும் அந்தச் சமரசக் காலமும் கெடுவில் சேராது. ஊர்ச் சமரசத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

வழக்குப் போட்டுவிட்டும் பேசலாம்

சித்தப்பா வக்கீலிடம் போகத் தயங்கியதற்கு இரண்டு காரணம். ஒன்று, கோர்ட் கட்டணம். தமிழ்நாட்டில் பணம் கேட்கும் வழக்குக்கு, கேட்கும் தொகையில் 3 சதவிகிதம் கட்டணம். முன்பு இது 7.5 சதவிகிதமாக இருந்தது, 2017-ல் குறைத்தார்கள். 14 லட்சத்துக்கு 42,000 ரூபாய். நஷ்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு இது சின்னத் தொகை இல்லை.

இரண்டாவது காரணம் கௌரவம். ‘கோர்ட்டுக்குப் போயிட்டா அப்புறம் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாமப் போயிடும். கோயில்ல மூஞ்சியில முழிக்கணுமே’ என்ற பயம்.

இந்த இரண்டுக்கும் பதில் தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வழக்குப் போட்ட பிறகு இரு தரப்பும் சமரசமாகிவிட்டால், கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பிய சமரச மையத்தில் பேசி முடித்தால் மட்டும்தான் இது பொருந்துமா, வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் பொருந்துமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியே பேசி முடித்தாலும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதாவது, கெடுவுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பேச்சுவார்த்தையையும் தொடரலாம். சமரசமானால் கட்டணம் கைக்கு வரும். சமரசம் ஆகாவிட்டாலும் உரிமை உயிரோடு இருக்கும். ‘பேசியே முடிங்க’ என்று நான் சொன்ன அறிவுரை முழுத் தவறு இல்லை. ‘கேஸைப் போட்டுட்டுப் பேசுங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

கையில் குறித்துக்கொள்ள...

கடை வாங்கும் முன்: விற்பவரின் நோட்டை மட்டும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கு, யுபிஐ வரவு, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் ரிட்டர்ன், மின்கட்டணம் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்காவது கேளுங்கள். ‘ரெகுலர் ஆர்டர்’ என்று சொன்னால், ஆர்டர் கொடுப்பவரிடமே போய்க் கேளுங்கள். கட்டட உரிமையாளரை நேரில் பாருங்கள். ஒரு வாரம் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒப்பந்தத்தில்: விற்பவர் வாயால் சொன்ன முக்கியமான விஷயங்களை எழுத்தில் கொண்டுவாருங்கள். ‘தினசரி வியாபாரம் இவ்வளவு, இன்ன மில்லின் ஆர்டர் இன்றைய தேதியில் நடப்பில் உள்ளது’ என்று ஒரு வரி இருந்திருந்தால், சித்தப்பாவுக்குப் பாதிச் சுமை குறைந்திருக்கும். அந்த வரியை எழுதச் சொன்னதுமே விற்றவர் பின்வாங்கியும் இருக்கலாம்.

ஏமாந்தது தெரிந்த அன்று: தேதியைக் குறியுங்கள். யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். பழைய நோட்டு, பில், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். போன் மாற்றினால் மெசேஜ்களைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எனக்குக் கடைசித் தேதி எது?’

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100.

வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கெல்லாம் கெடு வேறு. ஆஸ்திரேலியாவில் தவறாக வழிநடத்தும் நடத்தைக்கான நஷ்டஈட்டு வழக்குக்கு 6 வருடம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பொதுவாக, விஷயம் தெரியவந்ததிலிருந்து 2 வருடம்தான். இலங்கையில் எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு 6 வருடம், ஒப்பந்தம் சாராத இழப்புக்கான வழக்குக்கு 2 வருடம். ஸ்கார்பரோவில் மளிகைக்கடை வாங்கினாலும் யாழ்ப்பாணத்தில் வாங்கினாலும், ஊரில் கேள்விப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இனி சித்தப்பாவுக்கு?

ஒரு கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. ஏமாற்றிப் பணத்தைப் பறித்த குற்றத்துக்கு 7 வருடம் வரை தண்டனை உண்டு. 3 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க, சட்டத்தில் கெடு இல்லை. ஆகவே போலீஸ் புகார் கொடுக்கலாம். ஆனால், ‘இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க?’ என்ற கேள்வி வரும். ‘இது சிவில் விவகாரம்’ என்ற பதிலும் வரலாம். தவிர, குற்ற வழக்கின் வேலை தண்டிப்பது. 14 லட்சத்தைத் திருப்பி வாங்கித் தரும் என்று அதை நம்பி இருக்க முடியாது. சித்தப்பா இன்னும் முடிவெடுக்கவில்லை. “அவரு ஜெயிலுக்குப் போயி எனக்கு என்ன ஆகப்போகுது பாப்பா” என்கிறார். சித்தி அப்படி நினைக்கவில்லை. அடகில் இருப்பது அவருடைய நகை.

கடை நடக்கிறது. இப்போது மாலையில் பணியாரமும் போடுகிறார்கள். சித்திதான் ஊற்றுகிறார். 11,000 வரை போகிற நாளும் உண்டு என்று சொன்னார்.

போன வாரம் எங்கள் உறவில் ஒரு தம்பி, நிலக்கோட்டைப் பக்கம் பூ வியாபாரத்தை ஆள், வண்டி, வாடிக்கையோடு விலைக்கு வாங்கப்போவதாகச் சொல்லி சித்தப்பாவிடம் யோசனை கேட்க வந்தானாம். சித்தப்பா அவனிடம் எதுவும் விளக்கவில்லை. கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, ஒப்பந்தம் போடப்போகும் தேதியைக் கேட்டு எழுதி, அதற்கு நேராக மூன்று வருடம் கழித்து வரும் தேதியையும் எழுதிக் கிழித்துக் கொடுத்தாராம்.

“இது என்ன மாமா?” என்று கேட்டிருக்கிறான்.

“மொதல்ல மார்க்கெட்ல நாலு பேரை விசாரி. அப்படியும் வாங்குறதா இருந்தா, இந்தத் தாளை பீரோவுல ஒட்டி வை.”